ஐந்து வகை இணைப்புகளும் ஒரு சிவப்பு விளக்கும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்டுரையும் நான் எழுதியதுதான். ‘உங்கள் வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு?’ என்ற தலைப்பில், ஆறு வாரங்களுக்கு முன் இதே வார இதழில் வந்தது. தொலைபேசிக் கம்பியில் வரும் பழைய பிராட்பேண்ட், கேபிள் டிவி கம்பியில் வருவது, ஃபைபர், சிம் போட்ட பெட்டி, கூரையில் தட்டு வைத்து சாட்டிலைட்டிலிருந்து இறக்குவது என்று ஐந்தையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றிடமும் ஆறு கேள்விகள் கேட்டிருந்தேன். வேகம் எவ்வளவு, மழைக்குத் தாங்குமா, மாலையில் திணறுமா, இப்படி. முப்பது கட்டங்கள் கொண்ட அட்டவணை. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை என்று அதை வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

கட்டுரையின் கடைசியில் இரண்டு வரிகள் இடம் மிஞ்சியது. ‘புதிய இணைப்பு வந்த முதல் இரண்டு நாள் பெட்டியில் விளக்குகள் கண்டபடி மின்னும். பயப்படாதீர்கள், தானாக அடங்கிவிடும்’ என்று எழுதி நிரப்பினேன். இடத்தை அடைக்க எழுதிய வரி அது. அதனால்தான் இப்போது எனக்குத் தூக்கம் போயிருக்கிறது.

2

போன சனிக்கிழமை காலை, பத்திரிகை அலுவலகத்திலிருந்து வாசகர் மின்னஞ்சல்களை ஒரு கட்டாக அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றை அப்படியே தருகிறேன்:

‘வணக்கம். உங்கள் பத்திரிகையில் நான் முதலில் படிப்பது கதைகளைத்தான். கட்டுரைகளை அவசியம் வந்தால்தான் படிப்பேன். உங்களுடையது அவசியத்துக்குப் படித்தது. டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். உங்கள் அட்டவணையைப் பார்த்து ஃபைபருக்கு மாறினேன். நீங்கள் சொன்னபடி பழைய தொலைபேசி லைனையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். வேகம் பிரமாதம், நன்றி. ஒரே ஒரு சந்தேகம். அப்பா கழுத்தில் ஒரு அவசரப் பொத்தான் போட்டிருக்கிறார், விழுந்துவிட்டால் அழுத்துவதற்கு. அவர் கட்டிலருகே இருக்கும் அதன் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நாள் மின்னும் என்று எழுதியிருந்தீர்கள். இன்றோடு நான்கு நாள். இன்னும் எத்தனை நாள் மின்னும்? இப்படிக்கு, ஒரு வாசகி.’

அது இணையத்தின் விளக்கு அல்ல. அப்படிப்பட்ட பெட்டிகளில் பல, பழைய தொலைபேசி லைன் வழியாகத்தான் பேசும். பொத்தானை அழுத்தினால் பெட்டி உதவி மையத்துக்கு டயல் செய்யும். ஒரு குரல் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும். லைனைக் கழற்றிவிட்டால் பெட்டிக்கு வாய் போய்விடுகிறது. அதைச் சொல்லத்தான் அந்த விளக்கு மின்னுகிறது.

(கதையில் இவ்வளவு சீக்கிரம் விஷயத்தைப் போட்டு உடைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். கதை கெட்டால் கெடட்டும்.)

மின்னஞ்சலில் தேதி பார்த்தேன். அது வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. எழுத்துப் பிழைகளோடு, நான்கு நிமிடத்தில் பதில் போட்டேன்: பொத்தான் வேலை செய்யவில்லை, அப்பாவைத் தனியாக விடாதீர்கள், பெட்டி கொடுத்தவர்களை உடனே கூப்பிடுங்கள். இன்று புதன்கிழமை. பதில் இல்லை. அவர் பெயர், ஊர், தொலைபேசி எண் எதுவும் என்னிடம் இல்லை. என் கணக்கில் அந்த விளக்கு இன்றோடு பத்தொன்பது நாளாக மின்னுகிறது.

3

கதைக்குச் சில தொடக்கங்கள்.

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில்—’

(அடித்துவிட்டேன். மழை எதற்கு? விஷயத்துக்கு வர எனக்கு மனம் வரவில்லை, அதற்காக மழை.)

‘அவள் பொறுப்பில்லாத மகள் அல்ல.’

(இதையும் அடித்துவிட்டேன். இப்படிச் சொன்னாலே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.)

‘லைன்காரர் அவசரத்தில் இருந்தார்.’

இது நிற்கட்டும். அவசரத்தில் இருக்கும் லைன்காரர் எனக்கு மிகவும் வசதியான ஆள்.

4

லைன்காரர் அவசரத்தில் இருந்தார். காலை பதினொன்றரைக்குள் அவர் ஃபைபர் மாட்டும் மூன்றாவது வீடு இது. மகள்* பதிவை ஓட்டும் பெடலிலிருந்து காலை எடுத்து, காதுக்குள் யாருடைய முழங்காலையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்த டாக்டரைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, ஒரு காதில் மட்டும் ஹெட்போனோடு வந்து கதவைத் திறந்தாள்.

[* கடிதம் எழுதியவரை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். கதைக்குள் ‘அவள்’ என்று மாற்றியிருக்கிறேன். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.]

முந்தின வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். பழைய லைனில் ஒரு பதிவு இறங்குவதற்குள் ஒரு மூட்டைத் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிடலாம். இன்னொரு முறை தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அவள் அட்டவணையில் விரலை ஓட்டினாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அப்பா எதிரே உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்தார்.

“கேபிள் எப்படிம்மா?”

“சாயங்காலமானா தெருவே அதைத்தான் இழுக்கும்பா. எனக்கு அந்த நேரத்துலதான் வேலையே.”

“சிம் போட்ட பொட்டி?”

“நம்ம வீட்டுல ஜன்னல் ஓரத்துல மட்டுந்தான் சிக்னல். நான் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு டைப் அடிக்கவா?”

“சாட்டிலைட்டு?”

“அது வேற எந்த வழியும் இல்லாதவங்களுக்கு.”

“பழசுல என்ன குறை? ஓடுதுல்ல?”

“எங்கப்பா ஓடுது? எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறோம்.”

பஸ் ஓட்டியவரிடம் இதற்கு மேல் என்ன சொல்ல? அவர் சிரித்துவிட்டார். ஃபைபர் முடிவானது.

(இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயே நிறுத்திவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.)

லைன்காரர் சுவரில் துளை போட்டு, தலைமுடி கனத்தில் ஒரு இழையை உள்ளே கொண்டுவந்து, வெள்ளைப் பெட்டியை மாட்டினார். மகள் ஒரு பதிவை இறக்கிப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. லைன்காரர் பழைய கம்பியைக் காட்டினார்.

“இதைக் கழட்டிரட்டுமா?”

“கழட்டிடுங்க. அதுல யாரும் பேசறதே இல்ல.”

முதல் வரைவில் அவர் இதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கழற்றிக்கொண்டு போனார். எழுதி முடித்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. மறுபடி படித்தபோது அசிங்கமாக இருந்தது. முகம் தெரியாத ஒரு தொழிலாளி மேல் பழியைத் தூக்கிப் போட்டிருந்தேன். இரண்டாவது வரைவில் அவரைக் கேட்கவைத்தேன்:

“வேற எதுவும் இந்த லைன்ல மாட்டியிருக்கீங்களா?”

“இல்லைங்க.”

அவள் பொய் சொல்லவில்லை. பொத்தான் பெட்டி மின்சாரப் பிளக்கில் இருப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இன்னொரு மெல்லிய ஒயர் அலமாரிக்குப் பின்னால் போய், தரைவிரிப்புக்கு அடியில் புகுந்து, கூடத்தில் இருந்த தொலைபேசி இணைப்பில் சேர்வது அவளுக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன், வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்காத காலத்தில், அதை மாட்டிய அன்று அவள் அலுவலகத்தில் இருந்தாள்.

அப்படியென்றால் யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு. அன்று வீட்டில் இருந்தவர் அவர்தானே. மூன்றாவது வரைவில் அப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அவருக்கு அந்தப் பொத்தான் பிடிக்காது. ‘எனக்கு மாட்டு மணி கட்டிட்ட’ என்று மகளைச் சீண்டுவார். லைன்காரர் கேட்கிறார், மகள் இல்லை என்கிறாள், அப்பா எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் நிற்கிறார்.

மூன்றிலும் இதுதான் நன்றாக வந்திருந்தது. அது நன்றாக வந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

5

என் கணவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

“லைன்காரர் மேல போட்ட. அப்புறம் அந்தப் பொண்ணு மேல. இப்ப அந்தப் பெரியவர் மேலயேவா?”

“கதைங்க.”

“உன் மேல தப்பில்லன்னு சொல்றதுக்கா இத்தனை பக்கம்?”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம் அது. முப்பது கட்டங்கள் போட்டவள் நான். ‘பழைய லைனை நம்பி வீட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா?’ என்ற ஒரு கேள்வி அதில் இல்லை. ‘தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள்’ என்று எழுதியவளும், விளக்கு மின்னினால் பயப்படாதீர்கள் என்று சொன்னவளும் நான்தான். பயப்பட வேண்டிய நேரத்தில் ஒருவரைப் பயப்படவிடாமல் செய்துவிட்டேன்.

“ஆசிரியர்கிட்ட சொல்லித் திருத்தம் போடச் சொல்ல வேண்டியதுதானே?” என்றார்.

“போடறேன்னுட்டார். ரெண்டு வரி, பொருளடக்கத்துக்குக் கீழ. அதை யாரு படிப்பாங்க?”

“கதையை மட்டும் படிப்பாங்களா?”

“அந்தப் பொண்ணு படிப்பாங்க. கதையைத்தான் முதல்ல படிப்பேன்னு எழுதியிருக்காங்க.”

அவர், “அப்படின்னா நல்லா எழுது. பாதியில மூடி வெச்சிடப் போறாங்க” என்று சொல்லிவிட்டு, குடிக்காமல் ஆறிப்போயிருந்த என் காபியைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டு போனார்.

நாளை மதியம் இதழ் அச்சுக்குப் போகிறது.

6

முடிவுகள்.

(அ) மகளின் தோழி ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள். விளக்கைப் பார்த்ததும், “இது லைன் இல்லாட்டித்தான் இப்படி மின்னும், எங்க மாமியார் வீட்டுலயும் இதே பெட்டிதான்” என்கிறாள். அன்றைக்கே ஜன்னலோரத்துக்குச் சிம் போட்ட வேறு பெட்டி வருகிறது. மகள் எனக்குப் பதில் போட மறந்துவிடுகிறாள். இந்த முடிவை நான் ஒரு நாளைக்கு இருபது முறை நினைத்துக்கொள்கிறேன். அந்தத் தோழிக்குக் கன்னத்தில் ஒரு மச்சம்கூட வைத்துவிட்டேன்.

(ஆ) செவ்வாய்க்கிழமை பிற்பகல். மகளின் இரண்டு காதிலும் ஹெட்போன். யாரோ ஒருவருடைய இடுப்பெலும்பு முறிவை டாக்டர் நிதானமாக விவரிக்க, அவள் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் தட்டிக்கொண்டிருக்கிறாள். கூடத்துக்கு அந்தப் பக்கம், குளியலறையில், அப்பா—

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

(இ) அப்பாவே கண்டுபிடிக்கிறார். எப்படியென்றால், அவர் வாரத்துக்கு ஒரு முறை பொத்தானைச் சும்மா அழுத்துகிறவர். உதவி மையத்தில் இருக்கும் பெண், “ஐயா, என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?” என்று பதறுவாள். “ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். சாப்பிட்டியா?” என்பார். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. லைன் போன வாரமும் அழுத்துகிறார், சாப்பிட்டியா என்று கேட்க ஆள் வரவில்லை, விஷயம் வெளியே வந்துவிடுகிறது.

நல்ல முடிவு. ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் குறுக்கே வந்துவிட்டாள். “சும்மா சும்மா அழுத்தாதீங்கப்பா. நிஜமா விழுந்தவங்க லைன்ல காத்துக்கிட்டிருப்பாங்க.” நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து அப்பா அழுத்துவதில்லை.*

[* இதை நானேதான் கற்பனை செய்தேன். செய்த பிறகு, அது நிஜமாக இருந்துவிடுமோ என்று அந்த மின்னஞ்சலை மறுபடி எடுத்துப் படித்தேன்.]

7

கடைசியாக ஒரு காட்சி. இதற்குமேல் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

மகள் பெடலிலிருந்து காலை எடுக்கிறாள். ஹெட்போனைக் கழற்றி, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் மேல் வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போகிறாள். கண்ணை உறுத்துகிறதென்று அவர் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். துண்டை எடுக்கிறாள். விளக்கு மின்னிக்கொண்டுதான் இருக்கிறது.

“அப்பா, அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்க.”

“சும்மா அழுத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன். இப்ப சும்மா அழுத்துங்க.”

“விழுந்துட்டு அழுத்தணுமா, விழாமலேயா?”

“அப்பா.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விளையாட்டை நிறுத்துகிறார். மாட்டு மணியைக் கையில் எடுத்து அழுத்துகிறார். இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

[                    ]

இந்த அடைப்புக்குள் வர வேண்டிய குரலை என்னால் எழுத முடியாது. அது உங்கள் வீட்டில் கேட்க வேண்டிய குரல். நீங்கள் அந்த வாசகி இல்லாமல் வேறு யாராக இருந்தாலும் சரி, இப்படி ஒரு பொத்தான் யார் கழுத்திலாவது தொங்குகிற வீட்டில் இருந்தால், பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து போய் அழுத்திப் பாருங்கள். ஒரு குரல் வந்தால், சும்மாதான் கூப்பிட்டோம் என்று சொல்லுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வராவிட்டால், அப்பாவின் பக்கத்திலேயே இருந்துகொண்டு பெட்டிக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே கதை முடிந்து போயிருக்குமோ என்று ஒவ்வொரு வரியிலும் பயந்துகொண்டேதான் எழுதினேன். எப்படி இருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் நீளமாக எழுத வேண்டாம். ‘சும்மாதான்’ என்ற ஒரு சொல் போதும்.