காய்ந்த எடை

"வித்ததை மறைச்சிருக்கீங்க." வரி அதிகாரி அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. கணினியைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா வாடகைக் கொட்டகையில் சோப்பு செய்கிறாள். அச்சிலிருந்து எடுத்த உடனே எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுவாள். பாத்திரத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டு வீணாகவில்லையே என்று பார்க்க அவளுக்கு அதுதான் வழி. பிறகு சோப்பு அலமாரியில் வாரக்கணக்கில் காயும். தண்ணீர் வற்றும், எடை இறங்கும். ரசீதில் வருவது காய்ந்த எடை. அதிகாரி முதல் எடையிலிருந்து ரசீது எடையைக் கழித்தார். மிச்சத்தை ரசீதில்லாமல் விற்றோம் என்றார். இன்று இந்த அலுவலக விசாரணையில் அப்படியே உத்தரவு போட்டால், வரியும் அபராதமும் கட்டிவிட்டுக் கொட்டகையைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

எங்கள் தரப்பில் வந்திருந்தவர் சித்தப்பா. வரி ஆலோசகர். ஒப்புதல் வாக்குமூலத்தை வீட்டிலேயே அடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஒத்துக்கிட்டா அபராதம் பாதியாயிடும் அண்ணி. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க."

அம்மா பேனா மூடியைக் கழற்றினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'கணக்கில் காட்டாத விற்பனை' என்று இருந்தது. எனக்குக் காது சுட்டது.

நான் வேதியியல் படித்தவள். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் வராது. கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். பையிலிருந்து இரண்டு சோப்புக் கட்டிகளை எடுத்து மேசையில் வைத்தேன். ஒரே அச்சு. ஒன்று நேற்று எடுத்தது, மற்றது காய்ந்தது.

"சார், குறைஞ்சது தண்ணி," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வீணாப்போற கழிவுக்கு ரெண்டு சதவீதம் தள்ளிக் கொடுத்தாச்சும்மா."

"கழிவு இல்ல சார். தண்ணி."

"சரி, அந்தத் தண்ணிய யாருக்கு வித்தீங்க?"

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரித்தாள். சித்தப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"காத்துக்கு வித்தோம். அது ரசீது கேக்கல."

சிரிப்பு நின்றது. மூலையில் தபால் பொட்டலம் நிறுக்கும் தராசு இருந்தது. அதைக் காட்டினேன்.

"ரெண்டையும் நிறுத்துப் பாருங்க."

"இது என்ன சந்தையா?"

"அப்போ நிறுக்க மறுத்ததா விசாரணைக் குறிப்புல எழுதுங்க. அது இருந்தாத்தான் அம்மா அந்தக் குறிப்புல கையெழுத்து போடுவாங்க."

மேல்முறையீட்டில் முதலில் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். சட்டப் புத்தகத்தைப் புரட்டியதில் எனக்குப் பிடிபட்டது அது ஒன்றுதான்.

"அண்ணி, இவள வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றார் சித்தப்பா. "காரியத்தையே கெடுக்குறா."

"எதுடா காரியம்?" என்றாள் அம்மா. "விக்காததை வித்தேன்னு எழுதிக் குடுக்குறதா?" பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எழுதுங்க சார். நிறுக்க மாட்டேன்னீங்கன்னு எழுதுங்க."

தட்டச்சுப் பெண் விசைகளின் மேல் விரலை வைத்தபடி அதிகாரியைப் பார்த்தாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். ஈரக் கட்டியைத் தராசில் வைத்தார், எடுத்தார், காய்ந்ததை வைத்தார். எங்களுக்கு எண் தெரியாதபடி முதுகு மறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கம்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "உலர்த்தும் இடத்தை நேரில் பார்வையிட்ட பின் முடிவு. அதுவரை உத்தரவு இல்லை."

மன்னிப்பு இல்லை. தப்பு நடந்தது என்றுகூட இல்லை. முடிவு வரும்வரை கொட்டகை எங்களிடம் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குறிப்பில் அம்மா கையெழுத்துப் போட்டாள். வாக்குமூலத்தைச் சித்தப்பா நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"பெரிய மனுஷி ஆயிட்டே," என்றார் என்னிடம்.

நான் காய்ந்த கட்டியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

அதிகாரி விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவிடுங்க சார்," என்றாள் அம்மா. "புது சோப்பு, காரம் அடங்கியிருக்காது. எரியும்."

நான் சொல்லியிருக்க மாட்டேன்.