செயலாளர் வம்சத்து இறால்கள்

நீர்வளப் பாதுகாப்பு மாநாட்டுக்காக ஜெனிவா கிளம்பிய அன்று, இணைச் செயலாளர் பத்மநாபன் தலைநகரில் மோதி பாக் பகுதியில் இருந்த தன் வீட்டுச் சாவியைப் பிரிவு அதிகாரி ராஜசேகரனிடம் கொடுத்தார். ஒரு நாட்டையே ஒப்படைப்பவர்கூட முகத்தை அவ்வளவு கனமாக வைத்துக்கொள்ள மாட்டார்.

"வீட்டுல என்ன போனாலும் போகட்டும் ராஜசேகரன். தொட்டி முக்கியம்."

"நான் பாத்துக்கிடுதேன் சார்."

"பாத்துக்கிட்டா போதாது. உயிரோட இருக்கணும். இது கடைச் சரக்கு இல்லை. செக்ரட்டரி தன் வீட்டுத் தொட்டியிலேர்ந்து, தன் கையால வலை போட்டு எடுத்துக் கொடுத்த வம்சம். ஜப்பான் பரம்பரை. சூடு ஏறினா போச்சு. தண்ணி மாறினா போச்சு. பக்கத்துல நின்னு யாராவது பலமா தும்மினா..." தும்மினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. ராஜசேகரன் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி இன்னொன்றும் சொன்னார். "உங்க கவுஹாத்தி ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் என் டேபிள்லதான் இருக்கு. வந்து பாக்கறேன்."

ராஜசேகரனின் மகள் சுபிக்ஷா பன்னிரண்டாம் வகுப்பு. மனைவி லதாவுக்குப் புசா ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை. அந்த ஆர்டரில் கையெழுத்து விழுந்தால் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பிரம்மபுத்திரா பார்க்கப் போக வேண்டியதுதான். மூன்று பேருடைய வாழ்க்கை, விரல் நகமளவு இறால்களின் ஆரோக்கியத்தில் வந்து நின்றது.

தொட்டி வரவேற்பறையில் இருந்தது. சுற்றிலும் சுவரெங்கும் பத்மநாபன் பொன்னாடை வாங்கும் படங்கள். நடுவே பச்சைப் பாசிமேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இறால்கள், எந்நேரமும் கையைக் காலை அசைத்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் பெரியதற்குப் பத்மநாபன் ராஜேந்திரன் என்று சோழன் பெயர் வைத்திருந்தார். அதன் அடிவயிறு சற்றே பருத்திருக்கும். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் என்பது அவர் விளக்கம்.

ஜூன் மாத வெயிலில் இறால்களுக்கு ஏ.சி. ஓயாமல் ஓடியது. தண்ணீரின் மேல் ஒரு சின்ன ஃபேன் வேறு. ராஜசேகரன் ஆபீஸுக்கு முன்னும் பின்னும் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே இருந்த ரத்தக்கொதிப்பை யாரும் பார்க்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை சுபிக்ஷாவையும் கூட்டிக்கொண்டு போனார். பாசிக்குப் பக்கத்தில் ஓர் இறால் வெளிறி, கண்ணாடி போல ஆகி, அசையாமல் கிடந்தது. ராஜசேகரன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. கவுஹாத்திதான்."

"அரே பா, ட்ராமா பண்ணாத," என்று சுபிக்ஷா போனை நோண்டினாள். "அது சட்டை. இறால் வளந்தா ஓட்டைக் கழட்டிப் போட்டுரும். இறால் பாசிக்குள்ளதான் இருக்கு, அதோ பாரு." பிறகு ராஜேந்திரனை உற்றுப் பார்த்துச் சிரித்தாள். "பா, உங்க ராஜா பொண்ணு. வயித்துல இருக்கறது முட்டை."

"மெதுவா பேசுட்டி," என்றார் ராஜசேகரன், சுவரில் இருந்த பத்மநாபன்களைப் பார்த்தபடி.

பயம் அதோடு விடவில்லை. ஃபேன் காற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. பத்மநாபன் வைத்துவிட்டுப் போன சுத்திகரித்த தண்ணீர்க் கேன் தீர்ந்தது. சமையலறை ஆர்.ஓ. மெஷினோ சிவப்பு விளக்கு எரித்துவிட்டுச் சும்மா இருந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின். அதை ஊற்றினால் கொலை என்று பத்மநாபன் சொல்லியிருந்தார்.

"ஏங்க, இதுக்கா இப்படி முழிக்கீங்க?" என்றாள் லதா. "நாம குடிக்க தண்ணியக் கொண்டு போங்க. ஆர்.ஓ.வுல புடிச்சு ராத்திரி முழுக்கச் செம்புல ஊற வச்சது. அதைவிடச் சுத்தம் எங்க இருக்கு?"

செம்பு என்றால் சாதாரணச் செம்பு இல்லை. சென்ற பொங்கல் விழாவில் தமிழ்க் கலாசார சங்கம் உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வழங்கிய செம்புக் குடம். சங்கத் தலைவர் பத்மநாபன்தான் தன் கையால் கொடுத்தார். செம்புத் தண்ணீரில் நம் முன்னோர் வைத்த விஞ்ஞானத்தை உலகம் இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறது என்று வெகுநேரம் பேசினார். தேடுகிற உலகத்துக்கு வசதியாகக் குடத்தின் கழுத்தில் தன் பெயரையும் பதவியையும் பொறித்திருந்தார். சார் பெயர் போட்ட குடத்துத் தண்ணீர் சாருடைய இறாலுக்கு ஆகாமலா போகும்?

ராஜசேகரன் குடத்தை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போனார். பால் குடம் எடுப்பவரைப் போல மெல்ல நடந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தொட்டியில் ஊற்றினார்.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பாசிமேல் ஒன்றும் பொறுக்கிக்கொண்டிருக்கவில்லை. சில இறால்கள் கிறுக்குப் பிடித்தது போலக் கண்ணாடியில் முட்டி முட்டிச் சுற்றின. மற்றவை தரையில் பக்கவாட்டில் கிடந்தன. ராஜேந்திரன் மல்லாந்து கிடந்தாள். இவை சட்டைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். சட்டைகள் இல்லை.

சுபிக்ஷாவுக்குப் போன் செய்தார். அவள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"பா... காப்பர் இறாலுக்கு விஷமாம். துளி போதுமாம்."

ராஜசேகரனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாலைக்குள் தொட்டியில் அசைவது ஃபேன் மட்டும்தான் என்று ஆயிற்று.

முனிர்கா சந்து ஒன்றில் லால்சந்தின் மீன் கடை இருந்தது. ராஜசேகரன் போனில் இருந்த படத்தைக் காட்டினார். உயிரோடு இருந்த காலத்துப் படம்.

லால்சந்த் படத்தைப் பெரிதாக்கினான். இறாலைப் பார்க்கவில்லை. பின்னால் சுவரைப் பார்த்தான். "பத்மநாபன் சாப் தொட்டியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவ்ளோ சால்வை வேற எந்த வீட்டுல இருக்கு? தொட்டி மாட்டினதே நான்தான். அச்சா, எல்லாமே போச்சா?"

"பையா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கேன், சாப் கிட்ட மட்டும்..."

"யாரைப் பத்தியும் யார்கிட்டயும் நான் பேசுறதில்ல சார். அதனாலதான் கடை ஓடுது. தண்ணியும் நானே தரேன். ஜல்தி பையைப் புடிங்க."

தொட்டியைக் கழுவி, தண்ணீர் மாற்றி, புதியவற்றை விட்டாயிற்று. அதே சிவப்பு, அதே வெள்ளை. ஆனாலும் ராஜசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. லால்சந்த் வாயைத் திறந்தால்? ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் ஜெனிவா என்று நினைத்து எழுந்து நின்று பேசினார். ஒருமுறை காஸ் சிலிண்டர்க்காரரிடம்கூட "எஸ் சார்" என்றார்.

பத்மநாபன் திரும்பி வந்தார். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேராகத் தொட்டிமுன் போய்க் குனிந்தார். ராஜசேகரன் பின்னால் கைகட்டி நின்றார்.

"ராஜேந்திரன் இளைச்சிருக்கானே?"

"வெயில், சார்."

"ஏ.சி. போட்டீங்க இல்ல?"

"போட்டேன் சார். வெளிய... வெளிய வெயில் சார்."

பத்மநாபன் நிமிர்ந்தார். அவர் பார்வை தொட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் போய் நின்றது. பதற்றத்தில் ராஜசேகரன் எடுத்துப்போக மறந்த குடம் அங்கே இருந்தது. கழுத்தில் 'தலைவர் பத்மநாபன், இணைச் செயலாளர்' என்று பளபளத்தது.

"செம்பா?" என்றார்.

ராஜசேகரன் குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நல்லதுன்னு நெனச்சு... நீங்க அன்னைக்கு மேடையில..."

பத்மநாபன் போய் வாசல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். சில நாட்களாக ராஜசேகரன் கண்ணாடியில் பார்த்துவந்த முகம் அப்படியே இப்போது எதிரே இருந்தது.

"லால்சந்த் கடைதானே?"

"சார்..."

"நானும் நல்லதுன்னு நெனச்சுதான்யா இதே செம்புத் தண்ணிய ஊத்தினேன். செக்ரட்டரி கொடுத்த அந்த வாரமே எல்லாம் போச்சு. நீங்க கொன்னது லால்சந்த் வம்சம்." குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை செக்ரட்டரி சாப்பிட வர்றார். அவர் வம்சத்தைப் பாக்கணுமாம். என் ப்ரமோஷன் அவர் கையில இருக்கு. நீங்க பக்கத்துல நில்லுங்க. எனக்குத் தனியா நிக்க முடியாது."

சனிக்கிழமை செயலாளர் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொட்டிமுன் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை. இணைச் செயலாளரும் பிரிவு அதிகாரியும் பதவி வித்தியாசம் இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"என் வம்சம்!" என்றார் செயலாளர் கடைசியில். "இந்தப் பட்டை ஒன்று போதும், எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பத்மநாபன், உம்மை நம்பலாம். அடுத்த மாதம் நான் வியன்னா போகிறேன். என் தொட்டியை நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் இருப்பதுதான் தாய்க்கூட்டம்."

"என் பாக்கியம் சார்," என்ற பத்மநாபன் மெல்லத் திரும்பி ராஜசேகரனைப் பார்த்தார்.

திங்கட்கிழமை கவுஹாத்தி ஆர்டர் ரத்தானது. லதா மலை மந்திர் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். சுபிக்ஷா ஜிலேபி வாங்கி வந்தாள். ராஜசேகரன் மட்டும் பால்கனியில் நின்று, போனைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

"லால்சந்த் பையா, அடுத்த மாசம் நீங்க ஊர் கீர் எங்கயும் போகலையே?"