சரிங்க சார், இதோ பாக்குறேன்

"பல்லு தெரியணும். ஆனா இளிக்கக் கூடாது. எங்கே, எல்லாரும் சொல்லுங்க!"

"சரிங்க சார், இதோ பாக்குறேன்!" இருபது பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். இன்றுதான் கடைசி வகுப்பு. திங்கட்கிழமை காலை இவர்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருகிறார்கள். இந்தப் பயிற்சி மையத்தில் கணக்கும் கணினியும் மற்றவர்கள் பாடம். வேலை கொடுப்பவர் முன்னால் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்பது என் பாடம். அட்டவணையில் 'மென்திறன்' என்று போட்டிருக்கும். மென்மையாவது மண்ணாவது, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினால்தான் இதுகளுக்கு ஏறும்.

என் முதல் விதி, வேலை செய்யும் இடத்தில் 'முடியாது' என்ற சொல் வாயில் வரவே கூடாது. அந்த விதி பிறந்ததே போன வருஷத்து மாணவி ஒருத்தியால்தான். நாற்காலியை நகர்த்து என்றால்கூட "முடியாது டீச்சர்" என்பாள். 'முடியாதம்மா' என்று பட்டப்பெயரே வைத்தேன். மூன்று மாதம் கரும்பலகை முன்னால் நிறுத்தி, சிரிக்க வைத்து, சொல்ல வைத்து, அவளை ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் அவளுக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது, இதே தொழிற்சாலையில். அவள் படம் இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்? "வேலைக்குப் போற பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போடி" என்று நான்தான் போனில் கூப்பிட்டிருந்தேன். "வர்றேன் டீச்சர்" என்றாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

வந்தாள். அதே சிரிப்பு, நான் சொல்லிக்கொடுத்த அளவுக்குப் பல். வலது கை சால்வைக்குள் இருந்தது.

"என்னடி கையில?"

"மெஷின்ல அட்டை சிக்கிக்கிச்சு டீச்சர். நிறுத்தினா நேரமாகும், ஓடும்போதே எடுன்னாரு சூப்பர்வைசர்."

"நீ என்ன சொன்ன?"

இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "சரிங்க சார், இதோ பாக்குறேன்னேன்."

சால்வையை விலக்கினாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பாழாய்ப்போன என் வாய் அப்போதும் அவளையே திட்டியது. "முடியாதுன்னு சொல்றதுக்கென்னடி? வாயைத் திறந்தா அதுதானே வரும் உனக்கு!"

"அன்னைக்கும் வந்துச்சு டீச்சர். தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாடத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. இன்னும் ஒரு மணி நேரம்தான் இந்த இருபது பேரும் என் கையில்.

பலகையை அழித்தேன். பெரிதாக 'முடியாது' என்று எழுதினேன். முதல் வரிசைப் பெண்ணை எழுப்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான் சூப்பர்வைசர். மெஷின் ஓடிட்டிருக்கு. கையை விட்டு அட்டையை எடு."

பலகையைப் பார்த்தாள். சால்வைக்காரியின் கையைப் பார்த்தாள். உதடு 'மு' என்று குவிந்தது.

"எடுன்னா எடு!"

முதுகு நிமிர்ந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிய, பல் சரியான அளவுக்குத் தெரிந்தது.

"சரிங்க சார்" என்றாள்.