பேரின்பநாயகத்தின் முன்னனுமதி முறை

1.
இந்தக் கதை நித்திரையில் பிறந்தது. இத்தாலியின் பலெர்மோவில் வளர்ந்த ஆரணி, கம்யூனிச ஆட்சி போனபின் போலந்து, ஹங்கேரி, செக் நாடுகளில் அரச வழக்குத்தொடுநர்கள் யார் சொல் கேட்கிறார்கள் என்று ஒப்பிட்டு ஆய்வு செய்கிறாள். எனக்கும் விளக்கினாள். இரண்டாவது நாட்டிலேயே நான் தூங்கிவிட்டேன்.

2.
முதல் தொடக்கம்: வார்சோவில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு... (வேண்டாம். நான் வார்சோவைக் கண்டதில்லை.)

இரண்டாவது: சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பறிக்கும்போது ஏணி முறிந்து ஆரணியின் அப்பா பேரின்பநாயகம் விழுந்தார். கால் முறிந்தது. ஏணி உக்கியிருந்தது முதலாளிக்கு முன்பே தெரியும். ஆனாலும் வீட்டுப் படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார். இவரும் சொன்னார்.

(இது நல்ல தொடக்கம். காலுக்கு அல்ல, கதைக்கு.)

3.
"முறைப்பாடு குடுங்கோ அப்பா. இஞ்சை வழக்குப் போட மந்திரியைக் கேக்கத் தேவையில்லை," என்றாள் ஆரணி.

"குடுப்பம். முதல்லை பத்ரோனேயிட்டை, முதலாளியிட்டை, ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

"ஆர் மேலை முறைப்பாடோ, அவரிட்டையோ?"

"ஓம். இவ்வளவு காலம் வேலை தந்த மனிசன். சொல்லாமல் செய்தால் மரியாதையில்லை."

ஊன்றுகோலோடு போனார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று மனைவி இந்திராதேவி பயத்தம் பணியாரம் சுட்டுக் கொடுத்தார்.

4.
(அடிக்குறிப்பாக இருக்கவேண்டியது: போலந்தில் நீதியமைச்சரே தலைமை வழக்குத்தொடுநர். ஹங்கேரியில் பாராளுமன்றம் தெரிவு செய்கிறது. செக்கில் அரசாங்கம் நியமிக்கிறது. எங்கள் முறையில் குற்றஞ்சாட்டப்படுபவரே பணியாரம் சாப்பிட்டுவிட்டு அனுமதி வழங்குவார். இதை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் ஆராயவில்லை.)

5.
முதலாளி பெருந்தன்மையானவர். தாராளமாக முறைப்பாடு கொடு என்றார். இங்கே தங்குவதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கத் தேவையான வேலை ஒப்பந்தத்தை மட்டும் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"அப்ப முறைப்பாட்டை விடப்போறியளோ?" ஆரணி கேட்டாள்.

"கால்முறிவு மாறினால் அங்கைதானே திரும்பப் போகவேணும் பிள்ளை. அந்தச் சம்பளத்திலைதானே நீ படிக்கிறாய்."

வழக்குகள் ஏன் கைவிடப்படுகின்றன என்ற அத்தியாயத்தை அவள் அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியை மூடினாள்.

(இங்கே அவளை அழவைக்கலாமா என்று... இல்லை. அவள் அழவில்லை.)

6.
அப்பாவை அவள் இழுத்துக்கொண்டுபோய் முறைப்பாடு கொடுக்கவைத்தாள் என்று முடித்தால் உங்களுக்குத் திருப்தி. அவர்களுக்கு வேலையும் பெர்மெஸ்ஸோவும் போகும்; ஆஸ்பத்திரிப் பதிவோ வீட்டுப் படி என்றே சொல்லும். கொடுக்கவில்லை என்று முடித்தால் ஆய்வு முடியும், பட்டம் கிடைக்கும், அவர் நொண்டியபடி இன்னோர் ஏணியில் ஏறுவார், பட்டமளிப்புப் படமெடுக்க நாங்களெல்லோரும் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போவோம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எனக்குக் கோபம்தான் வந்தது. முதலாளிக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை.

அவருக்கு ஏதாவது ஆகிற மூன்றாவது முடிவு உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். நான் எழுந்து இடம் விடுகிறேன்.