பதினாறாவது வாரத்துக் குறிப்பு

நாற்பது வயதில் படிக்க வந்தவளுக்கு இருபத்தாறு வயதில் ஒரு மேலதிகாரி வாய்த்தால் என்ன ஆகும்? கீரியும் பாம்பும்தான். பிசியோதெரபி உதவியாளர் படிப்பின் இரண்டு வருடப் பாடங்களை அக்கா முட்டி மோதி முடித்துவிட்டாள். மிச்சம் ஆஸ்பத்திரியில் பதினாறு வாரப் பயிற்சி. அதன் முடிவில் தெரபிஸ்ட் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் பரீட்சை எழுதலாம். அந்தத் தெரபிஸ்டுக்கு வார்டே வைத்த பெயர் ராங்கி. அந்தப் பெயர்கூடப் போதாது என்பது அக்காவின் அபிப்பிராயம்.

பதினைந்து வாரமும் ராங்கி நோயாளிகள் முன்னாலேயே குத்திக் காட்டினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சரி மேடம், சரி மேடம் என்றாள். மனதுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசி வாரம், முழங்கால் ஆபரேஷன் ஆன ஒரு பஸ் டிரைவர். அவரை இருபது அடி நடக்க வைக்க வேண்டும் என்பது ராங்கி போட்ட திட்டம். அக்கா தொட்டுப் பார்த்தாள். கெண்டைக்கால் சுட்டது. டேப் வைத்து அளந்தால் மற்றக் காலைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம். டிரைவரைப் படுக்க வைத்துவிட்டு ராங்கியிடம் போய்ச் சொன்னாள். ஆபரேஷன் ஆன கால் வீங்காமல் மெலியுமா என்று கேட்ட ராங்கி, நடக்க வையுங்கள் என்றாள். அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டு நர்ஸிடம் போனாள். மதியம் ஸ்கேனில் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு தெரிந்தது; நடக்க வைத்திருந்தால் அது நுரையீரலுக்கே போயிருக்கலாம்.

சாயங்காலம் ராங்கி டிரைவரின் ஃபைலோடு வந்தாள். நன்றி சொல்ல அல்ல. ஸ்கேனுக்கு முன்பே அக்கா அதில் ‘ரத்தக்கட்டு’ என்று எழுதியிருந்தாள். உதவியாளர் பார்த்ததை எழுதலாம், அளந்ததை எழுதலாம். நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. முதல் வருடப் பாடம். அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ராங்கி கதவைச் சாத்தினாள். "இந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதுங்க. அந்த வார்த்தை வேண்டாம். கீழ, நான் நடக்க வைக்கச் சொன்னேன்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் வேண்டாம். இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அக்கா பேனாவை எடுத்தாள். ‘ரத்தக்கட்டு’ மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், அடியில் இருப்பது தெரியும்படி. பக்கத்தில் தேதி, நேரம், தன் இனிஷியல். தப்பை அப்படித்தான் அடிக்க வேண்டும் என்பதும் முதல் வருடப் பாடம்தான்.

"இது என் தப்பு, அடிச்சுட்டேன். அடுத்த வரி உங்க தப்பு. அதை நான் எப்படி மேடம் அடிக்கிறது?"

ராங்கி அக்காவின் பயிற்சிப் படிவத்தை இழுத்து, ‘தேர்ச்சி இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பதினாறு வாரமும் மறுபடி முதலிலிருந்து. இவள் முன்னாலா அழுவது என்ற ஆத்திரம்தான் அக்காவின் அழுகையை நிறுத்தியது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதையும் எழுதிக் கொடுங்க."

என்ன காரணம் எழுதினாலும் டிரைவரின் ஃபைலும் கூடவே வெளியே வரும்; ராங்கியின் பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.