தெக்குப் பக்கத்துச் சக்கரம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கஞ்சியில் போட்ட உப்பு கரையாமல் கிடக்கட்டும். போடிமெட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாண்டியராஜ் தன் வாசலில் ஜீப்புக்கு ஜாக்கி கொடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலில் அவன் அப்பா பிச்சைமணி கிடந்தார். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி அந்த ஜீப்பை ஆயுள் முழுக்க ஓட்டியவர். பழுதென்றால் வாசலிலேயே பிரித்துவிடுவார். மனைவி அன்னக்கொடிதான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். இனி வைத்தியம் வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லை. மகள் ரோஜா, யாரிடமும் சொல்லாமல் தோட்டத்து மலையாளத்துப் பையனைக் கட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிட்டாள். அவளைப் பார்க்கவேண்டும் என்றார் அப்பா. "அவ வந்தா நான் இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்றான் மகன். அதிலிருந்து எல்லாப் பேச்சும் அன்னக்கொடி வாய்வழிதான். அப்பா கிடந்த அறைக்குள் பாண்டியராஜ் கால் வைப்பதில்லை.

அன்று விடிந்ததும் அவள்தான் வெளியே வந்தாள்.

"அப்பா ரோஜாவக் கூட்டியாரச் சொல்றாரு. வெரசாப் போயிட்டு வா அப்பு."

"அவரு கேக்குறாரா, நீயாச் சொல்றியா?"

"அவருதான்."

"அவரு கேட்டாப் போறேன். நீ சொல்லிப் போக மாட்டேன். உசுரு போயிருச்சுன்னா அவளுக்குச் சொல்லிக்கூட விடமாட்டேன், பாத்துக்க. ஆனா வண்டி மலையேறாது ஆத்தா. சக்கரம் ஊளையிடுது."

ஊளை என்பது குறைச்சலான சொல். பேரிங் தேய்ந்த அந்த முனகலைக் கேட்டு, ராணி போகிறதென்று நம்பி, மலைத்தேனீக் கூட்டமொன்று அடிவாரத்து முந்தல் வரை ஜீப்பின் பின்னாலேயே இறங்கி வந்தது. நான் பார்த்தேன்.

அன்னக்கொடி உள்ளே போய்த் திரும்பினாள். "எந்தக் கை வளைவுல சத்தம் ஏறுதுன்னு கேக்குறாரு."

"வலக்கை வளைவுல."

மறுபடி போனாள், வந்தாள். "அப்ப தெக்குப் பக்கத்து முன் வீலாம். புது பேரிங்கு பெட்டியில கெடந்துச்சு, இந்தா."

எங்கள் ஊரில் சக்கரத்துக்கு இடது வலது கிடையாது, தெக்கு வடக்குதான். பாண்டியராஜுக்கு வண்டி ஓட்டத் தெரிந்த அளவுக்குப் பிரிக்கத் தெரியாது. தெற்குச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். முனகவில்லை. பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. அப்பா சொன்னாரே என்று கழற்றினான். உள்ளே பேரிங் கண்ணாடி போல இருந்தது.

"கெழவனுக்குப் புத்தி போச்சு!" ஸ்பேனரை எறிந்தான். "மலையும் வேணாம், மண்ணும் வேணாம்."

அன்னக்கொடி உள்ளே போனாள். இந்த முறை வெளியே வர நேரமானது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள்.

"நேத்து வண்டி எங்கிட்டுப் பாத்து நின்னுச்சுன்னு கேக்குறாரு."

நேற்று மலையைப் பார்த்து, மேற்கே நின்றது. காலையில் நிழலுக்காக அவன்தான் கிழக்கே திருப்பி நிறுத்தியிருந்தான். நேற்றைய தெற்கு இன்று வடக்கு.

"படுத்த எடத்துல இருந்தே வண்டியத் திருப்புறாரு பாரு எங்கப்பன்!" சிரித்துவிட்டான்.

வடக்குச் சக்கரம் தொட்டதுமே கரகரத்தது. உள்ளே உருளைகள் கறுத்து, ஒன்று வெடித்திருந்தது. பழைய வளையத்தைத் தட்டி எடுத்து, புதியதை இறக்கி, கிரீஸ் அப்பி, நட்டை முடுக்கினான்.

"இப்ப என்ன சொல்றாரு?"

"இன்னும் ஏன் நின்னுக்கிட்டு இருக்கான்னு வையிறாரு."

ஜீப்பு முனகாமல் மலையேறியது.

மத்தியானம் ரோஜாவோடு திரும்பினான். வளைவுகளில் மட்டும், "கெட்டியாப் பிடிச்சுக்க" என்றானாம்.

வாசலில் அன்னக்கொடி நின்றிருந்தாள். "இப்பத்தான் போனாரு."

ரோஜா உள்ளே ஓடினாள். பாண்டியராஜ் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். கை சுத்தமான பிறகும் துடைத்தான். அப்புறம் அந்த அறைக்குள் போனான்.

உடலைக் குளிப்பாட்டியது நான்தான். கையை மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. நிமிர்ந்தால் அன்னக்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.

பிச்சைமணி முந்தின இரவே இறந்துபோயிருந்தார்.