சிரிக்காத பிணம்

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து தணிகாசலம் செத்துப்போயிருந்தார். கதைப்படி மாரடைப்பு. நிஜக் காரணம், அவரைச் சிரிக்க வைக்க மறந்துவிட்டார்கள்.

சினிமாவிலும் சீரியலிலும் பிணமாக நடிப்பவர் யாராக இருந்தாலும், பாடையை விட்டு எழுந்திருக்கும் முன் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். அப்போதுதான் நடித்த சாவு நடிப்போடு போகும். அன்றைக்கு ஒரு சீரியலின் நானூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில் அவர் செத்து முடித்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. பிரியாணி. ஒரு பயலுக்கும் பிணத்தின் ஞாபகம் இல்லை.

வீட்டுக்குப் போனார். கூடத்தில் அவர் படத்தை மாட்டி, மாலை போட்டு, சின்னச் சிவப்பு பல்பு எரிய விட்டிருந்தார்கள். மனைவி மரகதம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சிரிச்சீங்களா?"

"யாரும் கேக்கலையே."

"ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டாங்க. பால்காரர் ஒரு பாக்கெட்டைக் குறைச்சுட்டார். போய்ச் சிரிச்சுட்டு வாங்க."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அவருக்கும்தான்.

மறுநாள் காலை அந்தச் சீரியல் கம்பெனிக்குப் போனார். வாசலிலிருந்து மேனேஜர் அறை பத்தடி. அன்றைக்கு அந்த வழி இருபத்தேழு வருட நீளம் இருந்தது. இரண்டு பக்கமும் அவர் படங்கள். சினிமாவில் கதாநாயகனின் நண்பன், கதாநாயகனின் அண்ணன், கதாநாயகனிடம் அறை வாங்கும் இன்ஸ்பெக்டர். அப்புறம் டிவியில் அப்பா, பெரியப்பா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாத்தா. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே முப்பத்தொரு தடவை செத்திருந்தார். முப்பத்தொரு பாடையிலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பற்களைப் பார்க்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறை வாங்கிவிட்டுச் சிரித்திருக்கிறார். வசனத்தை வெட்டியபோது சிரித்திருக்கிறார். வேறொருவன் குரலை அவர் வாயில் ஒட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டபோதும், "ரொம்பப் பொருத்தம் சார்" என்று சிரித்திருக்கிறார். மானங்கெட்ட சிரிப்பு.

மேனேஜர் கோதண்டம் தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"செத்தவங்க நேர்ல வரக் கூடாது சார். வாரிசு வரணும்."

"நான்தான்யா உயிரோட நிக்கிறேனே."

"அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. உயிரோட இருக்கறவங்கதான் கையெழுத்துப் போடணும்."

"குடு, போடறேன்."

"நீங்க எப்படிப் போடுவீங்க?"

தணிகாசலம் ஓங்கி மேஜையில் அடித்தார். சத்தம் வரவில்லை.

"சத்தத்தை டப்பிங்ல போட்டுக்கலாம்" என்றார் கோதண்டம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களால எங்களுக்கும் தொல்லைதான் சார். நேத்திலேருந்து செட்ல யார் நடிச்சாலும், எடுத்துப் பாத்தா பாடைதான் தெரியுது. ஃபாரம் கிடக்கட்டும். வந்து சிரிச்சுட்டுப் போங்க."

செட்டில் பாடை தயாராக இருந்தது. அவர் ஏறிப் படுத்தார். மூக்கில் பஞ்சு வைத்தார்கள். டைரக்டர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நாலு செகண்ட் சிரிப்பு சார். ஆக்‌ஷன்."

தணிகாசலம் சிரிக்கவில்லை.

"என்ன சார், சீனியர் நீங்க. இதுகூடவா வரலை?"

"வருது. தர மாட்டேன்."

"பின்ன என்ன வேணும்?"

"மறந்தது நீங்க. மன்னிப்புக் கேளுங்க."

டைரக்டர் ஸ்கிரிப்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். உதவியாளர்கள் நாலு பேரும் புரட்டினார்கள்.

"அப்படி ஒண்ணு இதுல இல்லையே சார்" என்றார்.

இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக ஒரு யூனிட் முழுவதும் தணிகாசலத்துக்காகக் காத்திருந்தது. கதாநாயகி இரண்டு தடவை மேக்கப்பைக் கலைத்துப் போட்டாள். அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. கடைசியில் கார் அனுப்பி மரகதத்தை அழைத்து வந்தார்கள். பெண்டாட்டி சொன்னால் கேட்பார் என்று நினைத்தார்கள்.

மரகதம் பாடை ஓரமாக வந்து நின்றாள். அந்த நீளமான வழியாக நடந்து வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வர்ற வழியில பாத்தேன். முப்பத்தொரு படம். எல்லாத்துலயும் பல்லு."

அவர் செட்டின் மேல்விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"வீட்ல ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கீங்களா? சிரிப்பெல்லாம் இவங்களுக்கு. எனக்கு வந்து சேந்தது பூரா உங்க கோவம்தான்."

அது உண்மை. இன்ஸ்பெக்டராக அறை வாங்கிய அன்றைக்கெல்லாம் வீட்டில் தட்டுப் பறந்திருக்கிறது. தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. பஞ்சை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போகணும்னா சிரிக்கணுமாம், மரகதம்."

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் இங்க குடுக்காதீங்க. எழுந்திரிங்க."

எழுந்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். டைரக்டர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சிரிக்காமப் போனா செத்தவராவே இருப்பீங்க சார்!"

"இருந்துட்டுப் போறேன்."

திரும்பப் போக யாரும் கார் தரவில்லை. பேருந்தில் ஏறினார்கள். நடத்துநர் மரகதத்துக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

"இவருக்கு?" என்றாள் மரகதம்.

"இறந்தவங்களுக்கு டிக்கெட் கிடையாதும்மா. சும்மா வரட்டும்."

"சும்மா வர வேணாம். காசு தரேன். கிழிங்க."

"சட்டத்துல இடமில்லம்மா."

"ஆள் நிக்கிறார். உங்க பஸ்ல இடத்தை அடைச்சுக்கிட்டு முழுசா நிக்கிறார். கிழிங்கன்னா கிழிங்க!"

பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடத்துநர் கிழித்துக் கொடுத்தார். தணிகாசலம் அதைச் சட்டைப்பையில் வைக்கவில்லை. வளசரவாக்கத்தில் இறங்கும் வரை கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.